மருமகன் வாங்கப்போகும் 7.62 ரைஃபிள்: எது நம்பகமானது?

கல்லிடைக் கணக்கர்:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, பேங்க் வாசலில் காவலாளி தோளில் தொங்குவது மட்டும்தான்.

என் மூத்த மருமகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டும் வந்துவிட்டது. அவருடைய நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருக்கிறது. அங்கே காட்டுப்பன்றித் தொல்லை அதிகம் என்பதால் விடுமுறை நாட்களில் கூட்டாகப் போய்ச் சுடுகிறார்கள். இதுவரை இரவல் துப்பாக்கியில் சுட்டவர் இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறாராம். சாதாரண வேட்டைத் துப்பாக்கி போதாதாம். ராணுவ வம்சத்தில் வந்த 7.62 மி.மீ. அரைத் தானியங்கி ரைஃபிள்தான் வேண்டுமாம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளுமாம். மகள் இரண்டு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் பூட்டுள்ள இரும்புப் பெட்டியை முதலில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்துவிட்டாள்.

அவர் அனுப்பிய பட்டியல் இது: எஃப்.என். ஃபால், எம்-14 வகையில் எம்1ஏ, ஜி-3 வகையில் பி.டி.ஆர்., பிறகு ஏ.ஆர்.-10. "மாமா, நெல்லைப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் நிறைய பேர் உண்டே, எது நம்பகமானது என்று விசாரித்துச் சொல்லுங்கள்" என்கிறார். எப்படியும் வாங்கத்தான் போகிறார். உருப்படியாக ஒன்றை வாங்கட்டும் என்று கேட்கிறேன்.

இன்னொன்று. சிவசைலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வாழை இருக்கிறது. அங்கேயும் பன்றி இறங்கிக் கிழங்கைத் தோண்டிப் போடுகிறது. மருமகன் ஊருக்கு வரும்போது அந்த ரைஃபிளை முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுவர வழி உண்டா?

கடையத்து விவசாயி:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். வழியே இல்லை அண்ணாச்சி, அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அரைத் தானியங்கி ரைஃபிளும், .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டாவைச் சுடும் ரைஃபிளும் நம் ஆயுதச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட வகை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அப்படி ஒன்றைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் 14 ஆண்டு சிறை. கலெக்டர் தரும் உரிமத்தில் 12 போர், .315, .22 போன்றவைதான் கிடைக்கும். தலைக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்பதும் அதே திருத்தம்தான்.

என்னிடம் அப்பா காலத்து இரட்டைக்குழல் ஒன்று இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்தவுடன் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று வரிசையாக வந்தால் அது நம் வீட்டுத் துப்பாக்கியா, அரசாங்கத் துப்பாக்கியா என்றே சந்தேகம் வந்துவிடும். ஒரு முறை திரும்பி வந்தபோது குழலுக்குள் துருப்பிடித்திருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

அப்படியே துப்பாக்கி இருந்தாலும் பன்றியை நாம் சுட முடியாது. 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததன்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். 3 கி.மீ. தாண்டி வந்தால் வனத்துறையினரே சுடுவார்கள். சிவசைலத்து வாழையிலிருந்து களக்காடு முண்டந்துறைக் காட்டின் எல்லை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை ஆர்மரர்:

நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டாளத்தில் எல்லோரும் துப்பாக்கியைச் சுடுவார்கள். அது சுடாதபோது ஏன் என்று பார்ப்பவன் ஆர்மரர். ஆகவே ரைஃபிளைப் பற்றி நான் பேசினால் புகழைவிடப் புகார்தான் கூடுதலாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகன் ஃபால் என்று சொல்வது நம் ராணுவம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளுக்கு உடன்பிறப்பு. பெல்ஜியத்தில் டியூடொனே சைவ் வடிவமைத்தது. 1950களில் வெளிவந்து, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1962 சீனப் போரில் நம் ஜவான்களின் கையில் இருந்தது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய .303. அந்த அனுபவத்துக்குப் பிறகு இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 1ஏ1 எஸ்.எல்.ஆர். படைக்கு வந்து, 1990களின் கடைசியில் இன்சாஸ் ரைஃபிள் வரும்வரை நின்றது. நான் கைவைத்துப் பழகியது அதில்தான். அதன்மேல் எனக்குப் பிரியம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

ஆனால் "எது நம்பகமானது" என்று நான்கு பெயரை நீட்டினால் எந்த ஆர்மரரும் பெயரைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டான். அதைக் கோத்தது யார், தோட்டா அடுக்கும் மேகசின் எங்கே செய்தது, எந்தத் தோட்டா, யார் துடைக்கப் போவது என்றுதான் கேட்பான்.

ஃபாலையே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு குழலைக் கடக்கும்போது வாயுவில் ஒரு பங்கு சின்னத் துளை வழியாக மேலே ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன், போல்ட்டைச் சுமக்கும் கேரியரைத் தள்ளும். கேரியர் போல்ட்டின் பின்முனையைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கும். காலி உறை வெளியேறும். சுருள்வில் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறும். பிஸ்டனுக்கு எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதைக் குழலின் மேலுள்ள ரெகுலேட்டர் வளையம் முடிவு செய்கிறது. திறந்தால் வாயு வெளியே கசிந்து அடி மெலியும்; மூடினால் முழு அடி. காலி உறை காலடியில் சோர்ந்து விழுந்தால் வாயு போதவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் தலையில் போய் விழுந்தால் அளவுக்கு மீறிப் போகிறது. அப்படியே விட்டால் உள்ளே ஒவ்வொன்றாக அடிபட்டுத் தேயும். ரைஃபிள் வாங்கியவர்களில் பலர் இந்த வளையத்தைத் தொடுவதே இல்லை. பிறகு ஃபால் மோசம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் ஒரு பிளக் இருக்கிறது. கிரனேடு ஏவும்போது வாயு பிஸ்டனுக்குப் போகாமல் முழுவதும் அடைக்கும் நிலை அதில் உண்டு. சுத்தம் செய்துவிட்டு மாட்டும்போது அரைச்சுற்று மாறிப் போனால் ரைஃபிள் ஒரு குண்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டியதுதான். ரேஞ்சில் புது ரெக்ரூட் முகம் வெளிறி, "ரைஃபிள் கெட்டுவிட்டது, சாப்" என்று இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவான். கட்டை விரலால் அழுத்தித் திருப்பிக் கையில் கொடுத்தால் நம்மை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். மருமகன் இதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட வேண்டியிருக்காது.

இனி யார் கோத்தது என்ற விஷயம். அமெரிக்காவில் பழைய ராணுவ ஃபாலின் உதிரி பாகங்களைப் புது ரிசீவரில், அதாவது ரைஃபிளின் உடற்கூட்டில், கோத்து விற்பவர்கள் உண்டு. விலை சல்லிசாக இருக்கும். ஃபாலில் போல்ட்டின் பின்முனை கீழே இறங்கி, குறுக்கே பதித்த ஓர் எஃகுத் துண்டில் முட்டி நிற்கும். லாக்கிங் ஷோல்டர் என்று பெயர். சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. வெடிப்பின் முழு வேகத்தையும் தாங்குவது அதுதான். அது நூலிழை வித்தியாசத்தில் பல பருமன்களில் வரும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அளவுக் கட்டையான கேஜ் போட்டுப் பார்த்து, அதற்குரியதைத் தேர்ந்தெடுத்து அழுத்தி ஏற்ற வேண்டும். கையில் கிடைத்ததை அடித்து ஏற்றிவிட்டவனும் இருப்பான், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பொருத்தியவனும் இருப்பான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முதலாமவன் கோத்ததில் உறை பின்பக்கம் கிழிய வாய்ப்பு உண்டு. அப்போது முகம் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஃபால்தான் வேண்டும் என்றால் டி.எஸ். ஆர்ம்ஸ் மாதிரி முழுசாகப் புதிதாகச் செய்து விற்கும் இடத்தில் வாங்கட்டும்.

மேகசினைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் என் தொழிலுக்குத் துரோகம். புகார் என்று வந்த எந்த ரைஃபிளிலும் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது மேகசினைத்தான். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு உதடுகளில் ஒன்று கொஞ்சம் விரிந்திருந்தால் போதும், தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கோபத்தில் தரையில் போடுவார்கள், அதன்மேல் உட்காருவார்கள், சோடா பாட்டிலையும் அதனால் திறப்பார்கள். இஸ்ரேல்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்ததால், தங்கள் கலில் ரைஃபிளில் பாட்டில் திறப்பானையே சேர்த்துச் செய்துவிட்டார்கள். ஃபாலில் அங்குல அளவு, மெட்ரிக் அளவு என்று இரண்டு ஜாதி மேகசின் உண்டு. மெட்ரிக் ரைஃபிளில் அங்குல மேகசின் ஏறாது. அங்குல ரைஃபிளில் மெட்ரிக் மேகசின் ஏறினாலும் ஆடும்.

கலில் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். அதைச் செய்யும் எண்ணமே அவர்களுக்கு வந்தது, 1967 போரில் பாலைவன மணலில் ஃபால் அவர்களைக் கைவிட்டதால்தான். ராஜஸ்தானில் நாங்களும் பட்டிருக்கிறோம். சாத்தான்குளம் தேரியில் காற்றுக் காலத்தில் வேட்டி மடிப்புக்குள் ஏறும் செம்மண் மாதிரி, அந்த மணல் ரைஃபிளின் மூடிக்குள் எப்படியோ போய்விடும். பிரிட்டிஷார் கேரியரில் மணல் ஒதுங்குவதற்கு வெட்டுகள் போட்டுப் பார்த்தார்கள். ஓரளவு பலன் இருந்தது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவனுடைய ரைஃபிள்தான் முதலில் நிற்கும். எண்ணெயும் மணலும் சேர்ந்து குழம்பாகிவிடும்.

மற்ற மூன்றில் எம்1ஏ பற்றி ஒரு வரி: விசை அருமை, குறி அருமை, ஆனால் அதன் மேல்பக்கத்தில் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை அசையாமல் உட்கார வைப்பது தனிக் கலை. மற்ற இரண்டையும் வைத்திருப்பவர்கள் யாராவது பேசட்டும்.

தென்காசி ஹூஸ்டன்:

ஆர்மரர் அண்ணாச்சிக்கு வணக்கம். நான் தென்காசிக்காரன், இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது பி.டி.ஆர். தான். நீங்கள் சொன்ன ரெகுலேட்டர், பிளக், பிஸ்டன் ஒன்றுமே இதில் கிடையாது. போல்ட்டின் தலையில் இரண்டு உருளைகள். அவை உள்ளே அமுங்குவதற்கு எடுக்கும் நேரம்தான் பூட்டு. திருப்பி வைக்க எதுவும் இல்லை, தவறாக மாட்டவும் எதுவும் இல்லை. ராணுவக் கழிவில் வந்த மேகசின் இங்கே மிகவும் மலிவு. குறை என்றால், தோளில் உதை பலம், விசை கனம், முன்னால் இருக்கும் இழுப்புக் கைப்பிடியை இழுக்கக் காலையில் பழையது சாப்பிட்டிருக்க வேண்டும்.

ஆனால் பன்றிக்கு என்றால் இரண்டு முறை யோசிக்கச் சொல்லுங்கள். இங்கே பன்றி வெளியே வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. உடல் சூட்டை வைத்து இருட்டிலும் காட்டும் தெர்மல் ஸ்கோப் இல்லாமல் வேலை நடக்காது. ஃபாலின் மேல்மூடி ஒரு தகடு. அதன்மேல் ஸ்கோப் வைக்கத் தனி மூடி வாங்க வேண்டும். ஏ.ஆர்.-10இல் மேலே ஸ்கோப் மாட்டத் தட்டையான ரெயில் முதலிலேயே இருக்கிறது.

டெக்சாஸில் நில உரிமையாளர் சம்மதித்தால், தனியார் நிலத்தில் காட்டுப்பன்றியைச் சுட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமம் தேவையில்லை. கிரீன் கார்டு இருப்பதால் துப்பாக்கி வாங்குவதில் உங்கள் மருமகனுக்குத் தடை இல்லை. இதைப் படிக்கும் மற்ற தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: எச்-1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியை வாங்கவும் வைத்திருக்கவும் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் இருக்கின்றன. நண்பன் துப்பாக்கிதானே என்று கையில் வாங்கிப் படம் எடுத்துப் போடாதீர்கள்.

பாளையங்கோட்டை ஆர்மரர்:

தம்பி, பி.டி.ஆரில் தவறாக மாட்ட எதுவும் இல்லை என்பது சரி. துடைக்காமல் விட ஒன்று இருக்கிறது. தோட்டா உட்காரும் அறையின் சுவரில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். அவற்றின் வழியாக வாயு உறையைச் சுற்றி ஓடுவதால்தான் உறை ஒட்டாமல் கழன்று வருகிறது. அந்தக் கோடுகளில் கரி அடைந்தால் கொக்கி உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும், உறை உள்ளேயே நிற்கும். நான் சொல்வதில் நம்பிக்கை இல்லை என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஆர்மரரைக் கேட்டுப் பாருங்கள். பாகிஸ்தானின் வாஹ் தொழிற்சாலையில் அவர்கள் செய்தது ஜி-3தான்.

இருட்டில், ஸ்கோப் வைத்துத்தான் சுட வேண்டும் என்பதைக் கணக்கர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அப்படியென்றால் ஏ.ஆர்.-10 வகை. எனக்குப் பிரியமானது எஸ்.எல்.ஆர். என்பதற்காக ஊரான் மருமகன் ஏன் ஸ்கோப்போடு மல்லுக்கட்ட வேண்டும்? நம் ராணுவமே 2019இல் 72,400 சிக் 716 ரைஃபிள்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதுவும் அதே வம்சத்தில் வந்த 7.62தான். ஒரே எச்சரிக்கை: ஏ.ஆர்.-10 என்ற பெயரில் ஆளுக்கொரு அளவில் செய்கிறார்கள். ஒரு கம்பெனி மேகசினும் போல்ட்டும் இன்னொன்றில் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். வாங்கும்போதே அதற்குரிய மேகசின் ஆறேழு சேர்த்து வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயின்டால் எண் எழுதி வைக்கட்டும். ரைஃபிள் நின்றால் எந்த எண்ணில் நின்றது என்று குறித்து வைக்க வேண்டும். இரண்டு முறை ஒரே எண் வந்தால் அந்த மேகசினை ஒதுக்கிவிட வேண்டும், ரைஃபிளைக் கழற்றக் கூடாது.

கல்லிடைக் கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. கடையத்து அண்ணாச்சி சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். ரைஃபிள் ஊருக்கு வராது என்பதில் அவளுக்கு ஏக மகிழ்ச்சி. மருமகன் ஏ.ஆர்.-10 என்று முடிவு செய்துவிட்டார். கடையில் குழலின்மேல் .308 என்று எழுதியிருக்கிறதாம், 7.62 என்று இல்லையாம். இரண்டும் ஒன்றா என்று கேட்கிறார்.

பாளையங்கோட்டை ஆர்மரர்:

வெளியளவில் ஒன்றுபோலவே இருக்கும். .308 என்று குறித்த ரைஃபிளில் 7.62 ராணுவத் தோட்டாவைச் சுடுவதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பழைய ராணுவ ரைஃபிளில் கடைத் தோட்டாவைப் போடும்போதுதான் அறை அளவை கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ராணுவ அறை கொஞ்சம் நீளம், கடைத் தோட்டாவின் உறையோ சற்று மெல்லியது. பன்றிக்கு, முழுவதும் உலோகம் போர்த்திய ராணுவக் குண்டு வேண்டாம், ஊடுருவிப் பின்னால் நிற்கும் எதையாவது துளைக்கும். மூக்கு மிருதுவான வேட்டைக் குண்டு வாங்கச் சொல்லுங்கள். எந்தத் தோட்டாவில் பன்றியைச் சுடப் போகிறாரோ அதே பெட்டியில் ஒரு நூறு குண்டாவது ரேஞ்சில் சுட்டுப் பார்த்த பிறகுதான் பண்ணைக்குப் போக வேண்டும்.