புதுப்பிப்பு: டியூபுலர் டயரில் பசை பிடித்திருக்கிறதா?

டியூபுலர் டயரை, அதாவது டியூபை உள்ளே வைத்துத் தைத்த சைக்கிள் டயரை, ரிம்மில் பசையால் ஒட்டுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். இது அடுத்த கட்டம், சோதனை.

ஒட்டி 24 மணி நேரமாவது ஆனபின் காற்றை முழுக்க இறக்குங்கள். காற்றிருந்தால் டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்கும். பசை விட்ட இடம்கூடக் கெட்டியாகத்தான் தெரியும். கட்டைவிரல்களால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளியபடி சுற்று முழுக்க வாருங்கள், மறுபக்கமும் அப்படியே. அடிநாடாவின் (டயரின் அடியில் ரிம்மோடு ஒட்டும் துணிப்பட்டை) ஓரம் தூக்குகிற இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். வால்வை ஒட்டிய பகுதியைச் சந்தேகத்தோடே பாருங்கள். நாடா ரிம்மிலேயே இருக்க, டயர் மட்டும் பிரிகிறதா? குற்றம் ரிம் பசையில் இல்லை. நாடாவைத்தான் டயரோடு மறுபடி ஒட்டவேண்டும்.

சிறு இடைவெளிக்குச் சின்ன பிரஷ்ஷால் பசை தடவி, காற்றடித்து, இன்னொரு நாள் விடுங்கள். அதிகம் விட்டிருந்தால் கழற்றி ஒட்டுவதே உத்தமம்.

ரிம்மையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில், நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ரிம் சூடாகிப் பசை இளகும். வால்வு சாய்ந்து நின்றால் டயர் நகர்ந்திருக்கிறது, ஏறாதீர்கள்.