வாட்டர்ஸ் கையில் இருப்பது வி.சி.எஸ்.3-ஆ, சிந்த்தி ஏ.கே.எஸ்-ஆ?

நாடாப்பெட்டி:
பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவோட 'லைவ் அட் பொம்பேயி' படத்தை நேத்து ராத்திரி மறுபடி பார்த்தேன். அபி ரோடு ஸ்டுடியோ காட்சியில குழுவோட ரோஜர் வாட்டர்ஸ் ஒரு சின்னப் பெட்டியை வெச்சு, 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்துல வர்ற 'ஆன் தி ரன்' சத்தத்தை ஓட்டுறார். அது இ.எம்.எஸ் கம்பெனியோட வி.சி.எஸ்.3 சிந்தசைசர் (மின்சுற்றால ஒலியை உருவாக்குற கருவி)தான்னு நான் சொல்றேன். முன்னால படுக்கையா ஒரு பகுதி, பின்னால நிமிர்ந்த பலகை. அந்த 'எல்' வடிவம் வேற எதுக்கு இருக்கு? ஃப்ளாய்ட் குழுகிட்ட வி.சி.எஸ்.3 இருந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

பின்குத்தி:
அந்த 'எல்' வடிவம்தாங்க எல்லாரையும் ஏமாத்துது. அது அதே கம்பெனியோட இன்னொரு சிந்தசைசர், சிந்த்தி ஏ.கே.எஸ். படத்தை நிறுத்திட்டு, முன்னால படுத்திருக்கிற பகுதியை மட்டும் பாருங்க. வி.சி.எஸ்.3-ல குமிழ்கள் நிமிர்ந்த பலகையில இருக்கும். உள்ளே இருக்கிற சுற்றுகளை ஒண்ணோட ஒண்ணு இணைக்கப் பின் குத்துற 16க்கு 16 துளைக் கட்டமும் ஜாய்ஸ்டிக்கும் கீழே, படுக்கைப் பகுதியில இருக்கும். உடம்பு மரப்பெட்டி, கீபோர்டு தனியா வாங்கணும்.

ஏ.கே.எஸ் ஒரு சூட்கேஸ். குமிழ், துளைக் கட்டம், ஜாய்ஸ்டிக் எல்லாமே ஒரே பலகையில அடங்கிடும். முன்னால படுத்திருக்கிறது சூட்கேஸோட மூடி. அதுல கட்டைகள் அச்சடிச்ச மாதிரி தட்டையா இருக்கும், அழுத்தினா கீழே இறங்காது, விரல் பட்டாலே ஒலிக்கும். முன்பகுதியில துளை தெரிஞ்சா வி.சி.எஸ்.3, கட்டை தெரிஞ்சா ஏ.கே.எஸ். இந்தக் காட்சியில தெரியறது கட்டை.

நாடாப்பெட்டி:
மங்கலான பிரதியில அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியுமா? அதோட ரெண்டுக்கும் உள்ளே இருக்கிற சுற்று ஏறக்குறைய ஒண்ணுதானே. ஒலியை உண்டாக்க மூணு ஆஸிலேட்டர், ரெண்டு ஒலியைக் கலந்து மாத்த ரிங் மாடுலேட்டர், எதிரொலிக்கு ஸ்பிரிங் ரிவெர்ப். காதுக்கு வித்தியாசம் தெரியாதுன்னா பேருக்காக ஏன் மல்லுக்கட்டணும்?

பின்குத்தி:
வித்தியாசம் மூடியில இருக்கு. அதுக்குள்ள 256 நிகழ்வுகளை நினைவுல வெச்சுக்கிட்டுத் தானாத் திரும்ப வாசிக்கிற டிஜிட்டல் சீக்வென்சர் இருக்கு. 'ஆன் தி ரன்' பிறந்ததே அதுலதான். 8 சுரத்தை மெதுவா வாசிச்சு உள்ளே ஏத்திட்டு, வேகத்தைக் கூட்டி, ஒலியோட ஒரு பகுதியை வடிகட்டுற ஃபில்டரைத் திறந்து மூடுறாங்க. தாளத் தட்டு மாதிரி 'டிக் டிக்'னு வர்றது இரைச்சல் ஜெனரேட்டர். வி.சி.எஸ்.3-க்குள்ள சீக்வென்சரே கிடையாது.

1972-ல மேடையில 'ஆன் தி ரன்' வர்ற இதே இடத்துல ஃப்ளாய்ட் வாசிச்சது கிட்டார் ஜாம் (அந்த நேரத்துல தோணுறதைக் கூடி வாசிக்கிறது), 'தி டிராவல் சீக்வென்ஸ்'னு பேரு. இந்தக் கருவி வந்த பிறகுதான் அதைத் தூக்கிட்டு இதை வெச்சாங்க. ஒரு பாட்டையே மாத்தின பெட்டிங்க இது. அதோட பேரைத் தப்பாச் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

கட்டைவிரல்:
தம்பிகளா, பெட்டி ஏ.கே.எஸ்-னு நானும் ஒத்துக்கிறேன். அதுக்கு அடுத்த படிதான் இடிக்குது. ஆல்பம் மிக்ஸிங்ல இருந்த நேரத்துல, அந்த ஸ்டுடியோ காட்சிகள்ல பலதும் கேமராவுக்காகச் செஞ்சு காட்டினது. படத்துல தெரியற கருவிதான் பதிவுல கேட்குதுன்னு எப்படி எழுதுவீங்க?

'தி ஹூ' ராக் குழுவைப் பாருங்க. 1978 மே 25, ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோ. 'பாபா ஓ'ரைலி' படமாகுது. சிந்தசைசர் சத்தம் அரங்கமே நிறையுது, மேடையில தேடினா ஒரு சிந்தசைசரும் இல்லை. ஓடுறது முன்னாடியே பதிவு பண்ணின டேப். டிரம்மர் கீத் மூன் காதுல ஹெட்போன் போட்டு அதைக் கேட்டுத்தான் வாசிக்கிறார். அந்தச் சத்தத்தைப் பல பேர் வருஷக்கணக்கா ஏ.ஆர்.பி கம்பெனி சிந்தசைசர்னு எழுதினாங்க. பதிவுல இருந்தது லோரி கம்பெனி வீட்டு ஆர்கன், அதுல கட்டையைப் பிடிச்சா சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிற மரிம்பா ரிப்பீட் வசதி.

நான் மெல்லிசைக் குழுவுல கீபோர்டு வாசிச்சவன். ஒரு திருவிழாவுல என் முன்னால இருந்த பெட்டி நடுவுல செத்துப்போச்சு. பின்னணி இசை தனியா ஓடிட்டு இருந்ததால பாட்டு நிக்கல, நானும் கையை எடுக்கல. முன்வரிசையில வீடியோ எடுத்தவங்க யாருக்கும் தெரியல.

பின்குத்தி:
அண்ணே, அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனா ஷெப்பர்ட்டன்ல கருவியே இல்லை. இங்க கருவி இருக்கு, அது செய்யற வேலையும் பதிவுல கேட்கிற வேலையும் ஒண்ணா இருக்கு, காலமும் பொருந்துது. செஞ்சு காட்டினாலும் எதை வெச்சுச் செஞ்சாங்களோ அதை வெச்சுத்தானே காட்ட முடியும்?

கட்டைவிரல்:
முடியும்னு சொல்லு, 'தான்'னு சொல்லாதே. 'தி ஹூ'வோட 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' பாட்டுல லோரி ஆர்கனை வி.சி.எஸ்.3-யோட ஃபில்டர் வழியா விட்டாங்க. அந்த ஆர்கன் வாசிக்கிறதைப் படம் பிடிச்சு உனக்குக் காட்டியிருந்தா, ஃபில்டர் இருக்குன்னே உனக்குத் தெரிஞ்சிருக்காது.

நாடாப்பெட்டி:
நல்ல பிரதி ஒண்ணு கிடைச்சு இப்பத்தான் நிறுத்திப் பார்த்தேன். முன்பகுதியில துளை இல்லை, கட்டைதான். வி.சி.எஸ்.3-ன்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன். எந்தப் பாட்டுல எந்தக் கருவின்னு நான் வெச்சிருக்கிற பட்டியல்ல 'படத்தில்' என்ற கட்டத்துல சிந்த்தி ஏ.கே.எஸ்-னு எழுதிட்டேன். 'பதிவில்' கட்டத்துலயும் அதையே எழுதினேன், பக்கத்துல சீக்வென்சர்தான் ஆதாரம்னு குறிப்போட. அண்ணே, உங்களுக்கு அது பத்தாதுன்னு தெரியும்.

கட்டைவிரல்:
பத்தாது. ஆனா அந்தக் குறிப்பை அழிச்சிடாதே.