கோடு நேரானதும் ஷாக் கொடுப்பார்களா?

கேள்வி: ஆஸ்பத்திரி சீரியல்களில் மானிட்டர் கோடு நேரானதும் டாக்டர் ஷாக் வைக்கிறார், நோயாளி சட்டென்று கண் திறக்கிறார். நிஜத்திலும் இப்படித்தானா?

பதில் 1: இல்லைங்க. நின்றுபோன இதயத்தை ஓட்டிவிட ஷாக் உதவாது. தாறுமாறாக அதிரும் மின்னோட்டத்தை ஒரு கணம் அடக்கி, இதயத்தின் இயல்பான துடிப்பு மறுபடி பிடித்துக்கொள்ள வழிவிடுவதுதான் அதன் வேலை. அதனால் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் கீழறைகள் தாறுமாறாக நடுங்குவது), நாடியில்லாத வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறைகள் அதிவேகமாகத் துடித்தும் நாடி கிடைக்காதது) இரண்டுக்கும்தான் ஷாக். நேர்கோடு என்பது அசிஸ்டோலி, அதாவது இதயத்தில் மின் இயக்கமே இல்லாத நிலை. அதற்கு மார்பு அழுத்தம், 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மி.கி. ஊசி. கூடவே காரணத்தைத் தேடணும்: பொட்டாசியம் ஏறியதா, ஆக்சிஜன் குறைந்ததா, ரத்தம் போனதா?

பதில் 2: அதற்கும் முன்னால் நோயாளியைப் பார்க்கணும், மானிட்டரை அல்ல. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு வந்தால் பெரும்பாலும் லீட் (உடம்பில் ஒட்டும் மானிட்டர் வயர்) கழன்றிருக்கும். நிஜ அசிஸ்டோலியில் கோடு லேசாக அலையும்.

பதில் 3: சீரியலில் காட்டும் சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி) இன்னும் மோசம். முழங்கையை மடக்கி மாவு பிசைகிற மாதிரி! கை நேராக, தோள் நேர் மேலே, 5–6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்பணும், இல்லாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. 2 நிமிடத்துக்கொரு முறை ஆள் மாறணும். உயிருள்ள நடிகர் மேல் அப்படி அழுத்த முடியாது, விலா எலும்பு போய்விடும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துடிப்பு திரும்பியதும் எழுந்து வசனம் பேசுவதுதான் அநியாயம். பெரும்பாலானவர்கள் வென்டிலேட்டரோடு ஐசியுவுக்குப் போவார்கள்.