தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் இல்லாமல் முடியுமா?

மதுரைக்காரி:
எங்க வீட்டில் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், லேகியம், பிறகு இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். அம்மா விடியுமுன்னே அடுப்படிக்குள் போனால் புதுப்புடவை கட்டவே பத்து மணியாகிவிடும். இப்போது மூட்டுவலி வேறு. இந்த வருஷம் காலைக்கு வெண்பொங்கல் மட்டும், அதையும் நானும் தம்பியும் செய்வதாக இருக்கிறோம். கறி மதியத்துக்கு. சொன்னதும் அம்மா முகம் வாடிவிட்டது. நீங்கள் யாராவது மாற்றியிருக்கிறீர்களா?

கரிசல்காட்டான்:
மாற்றினோம். முறுக்கும் அதிரசமும் முந்தின ஞாயிறே ஆண்பிள்ளைகள் உட்பட எல்லோரும் சேர்ந்து சுடுகிறோம். பண்டிகையன்று அடுப்பில் பெரிய வேலை கிடையாது. ஆனால் லேகியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்து வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறினால், அவ்வளவு பலகாரத்துக்கும் வயிறு தாங்கும்.

தஞ்சாவூர் அத்தை:
அம்மா வாடுவது இட்லிக்காக இல்லைம்மா. இனி தன் கைச்சமையல் வேண்டாமோ என்றுதான். லேகியத்துக்கு நீங்கள் இடித்துக் கொடுங்கள், பதம் அவங்க பார்க்கட்டும்.

மதுரைக்காரி:
அத்தை, அப்படியே கேட்டேன். "லேகியத்தை நான்தான் கிளறுவேன்" என்றார். வெண்பொங்கலுக்கும் சம்மதம். மிளகை முழுசாகப் போடணுமாம், முந்திரியைக் குறைக்கக் கூடாதாம்.