மாத்திரை கொடுத்தும் எச்பி (ஹீமோகுளோபின்) ஏறவில்லை: சிக்கில் செல் (அரிவாள் செல் ரத்தசோகை) அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

இடம் நீலகிரி, கூடலூர் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. 12 முதல் 17 வயது மாணவிகள், பெரும்பாலும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினர்.

ஜூனில் சிலருக்கு எச்பி 8.5 முதல் 10 கிராம் வரைதான் இருந்தது. மருத்துவர் சொன்னபடி வாராந்திர நீல நிற இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதிலாக 60 மி.கி. இரும்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு, மூன்று மாதம் கொடுத்தாயிற்று. ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். பலருக்கு ஏறியது. ஆறு பேருக்கு அசையவே இல்லை. இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. இருவருக்கு அடிக்கடி மூட்டு வலி, கண்ணில் லேசான மஞ்சள்.

வெறும் வயிற்றில் குமட்டல் வந்து துப்பிவிடுகிறார்கள் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடுதிக் காப்பாளர் கண்ணெதிரே விழுங்க வைத்தோம். இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறுத்தம். குடற்புழு நீக்க அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுத்தாயிற்று. குளிரில் விரலைப் பிதுக்கி எடுத்தால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். அதனால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் மறுபடி பார்த்தோம். அதே அளவுதான்.

ஆறு பேரில் நால்வருக்கு சிக்கில் கரைதிறன் சோதனை பாசிட்டிவ். அது வெறும் கடத்தியா (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கில் மரபணு வந்தவர்), நோயா என்று பிரித்துச் சொல்லாது. கடத்தியாக மட்டும் இருந்தால் எச்பி இவ்வளவு குறையாது. அதைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி சோதனைக்கு மாதிரி போயிருக்கிறது, முடிவு தாமதம். மஞ்சள் உள்ள இருவரையும் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். ஃபோலிக் அமிலம் தொடர்கிறது.

ஆறு பேரில் மருத்துவமனைக்கு அனுப்பாத மீதி நால்வருக்கும் முடிவு வரும்வரை இரும்பு மாத்திரையைத் தொடரலாமா, அல்லது ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் சோதனை) பார்க்கும்வரை நிறுத்துவதா?