கூட்டில் நிற்கும் பாஸ்: பிடித்து விட்டால் உண்மையில் என்ன நடக்கிறது?

தக்கை:
மே மாதம் பிறந்தால், கூட்டில் முட்டை காத்து நிற்கும் பாஸ் மீனைப் (ஸ்மால்மவுத், லார்ஜ்மவுத் என்ற நன்னீர் மீன்கள்) பற்றி இந்தக் கேள்வியும் பிறந்துவிடும். "பிடித்துத் திரும்ப விடுகிறோம்தானே, இதில் என்ன பிழை?"

முதலில் சட்டத்தைச் சொல்லி ஒதுக்கிவிடுகிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் சீசன் மூடியிருக்கும் மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம். வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா, தண்ணீருக்குள் விடுகிறீர்களா என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. மாகாணத்தில் 20 மீன்பிடி மண்டலங்கள், தேதி மண்டலத்துக்கு மண்டலம் மாறும். தெற்கில் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதிச் சனிக்கிழமை ஒன்றில்தான் பாஸ் திறக்கும். வடமேற்கின் சில மண்டலங்கள் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் ஜூன் முடியும்வரை 35 செ.மீ.க்குக் குறைந்ததைத்தான் வைத்திருக்கலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், வேறு கதை. மிச்சிகனில் 2015 முதல் ஆண்டு முழுக்கப் பிடித்து உடனே விடலாம். நியூயார்க் 2022இல் விதியை எளிதாக்கியது: டிசம்பர் 1 முதல் ஜூன் 14 வரை பிடித்து விடுவது மட்டும், ஜூன் 15இலிருந்து வைத்திருக்கலாம். சில நீர்நிலைகளுக்கு விலக்கு உண்டு. பென்சில்வேனியாவும் வசந்தத்தில் பிடித்து விட அனுமதிக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கூட்டுக்குள் திரும்பத் திரும்ப வீசக்கூடாது என்று தனியாக எழுதி வைத்திருக்கிறது.

ஒரே இனம், பக்கத்துப் பக்கத்து ஏரி, மூன்று விதமான விதி. கூட்டில் நிற்கிற மீனிடம் கண்டதைக் கணக்கோடு எழுதுங்கள். "நான் பிடித்த பெரிய மீன்" கதைகளுக்கு இழை வேறு இருக்கிறது.

நீர்க்கண்ணாடி:
கூட்டை அடையாளம் காண்பதில் இருந்து தொடங்கலாம். பலர் தெரியாமலே கூட்டின் மேல்தான் வீசுகிறார்கள்.

வாலால் அடித்துத் துப்புரவாக்கிய வட்டம். சுற்றியிருக்கும் அடிமண்ணைவிட வெளிறித் தெரியும். அகலம் ஒன்று முதல் மூன்று அடி. ஸ்மால்மவுத் சரளைக் கல்லில், ஒரு பாறையையோ விழுந்த மரத்தையோ அண்டிக் கட்டும். தெளிந்த ஏரியில் 10, 12 அடி ஆழத்திலும் இருக்கும். லார்ஜ்மவுத் இன்னும் கரைக்குக் கிட்ட, முழங்கால் முதல் கழுத்தளவு தண்ணீரில், நாணல் வேரையோ அல்லித் தண்டையோ துடைத்து அதன் மேல் முட்டையிடும். போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் பாதிக்கூடு தெரியாது. சூரியன் உச்சிக்கு வந்து காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

வெப்பநிலை: ஸ்மால்மவுத் முட்டையிடுவது 15 பாகை செல்சியஸை ஒட்டி, லார்ஜ்மவுத் அதற்கு ஓரிரண்டு பாகை மேலே. வள்ளத்துச் சோனார் கருவி காட்டுவது மேற்பரப்பு வெப்பநிலையை. வெயில் பட்ட பின்னேரத்தில் அது அடித்தண்ணீரைவிட இரண்டு மூன்று பாகை கூடக் காட்டும். "18 வந்துவிட்டது, முட்டை முடிந்திருக்கும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் இதில்தான் பிழை விடுகிறார்கள். ஒரு வெப்பமானியை நூலில் கட்டி அடியில் இரண்டு நிமிடம் விடுங்கள். காலையில் எடுத்தால் இன்னும் நல்லது.

பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் வேலை அத்தோடு சரி. பிறகு எல்லாம் ஆண்தான். முட்டை பொரிக்க 18 பாகையில் மூன்று நான்கு நாள், 13க்கு இறங்கினால் பத்து நாள்வரை. பொரித்த குஞ்சு மஞ்சட்கருப் பையோடு கல்லிடுக்கில் ஒரு வாரமளவு கிடக்கும். பிறகு எழும்பி நீந்தத் தொடங்கும், அப்போதும் தகப்பன் கூடவே போகும். மொத்தத்தில் நாலைந்து வாரம். அந்த நாட்களில் அது ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இரவிலும் செட்டையை விசிறிக்கொண்டு நிற்கும்.

குறடு:
"சாப்பிடாத மீன் ஏன் தூண்டிலைக் கடிக்கிறது?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அது இரை தேடிக் கடிப்பதில்லை. கூட்டுக்குள் வந்த ட்யூப் (குழாய் வடிவப் பிளாஸ்டிக் இரை) அல்லது புழு அதன் கண்ணுக்கு முட்டைக் கள்ளன். வாயால் தூக்கி வெளியில் எறியப் பார்க்கிறது. அதனால்தான் கூட்டு மீனுக்கு அனேகமாக உதட்டில்தான் ஏறியிருக்கும், தொண்டையில் அரிது. விட்டதும் சுகமாக நீந்திப் போகும். சாவு மிகக் குறைவு. இதை வைத்துத்தான் "ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். மீனுக்கு ஆகவில்லை, சரி. அது போய்விட்டு வந்த நேரத்தில் கூட்டில் என்ன நடந்தது என்று யார் பார்த்தார்கள்?

கீழ்நீரோட்டம்:
பார்த்திருக்கிறார்கள். கிழக்கு ஒன்டாரியோவின் ஒபினிகன் ஏரியில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. இலினாயைச் சேர்ந்த டேவிட் ஃபிலிப்பும் கூட்டாளிகளும் அங்கே பல வருடம் இதே வேலை. சுவாசக் குழாயோடு கரையோரம் நீந்தி, ஒவ்வொரு கூட்டுக்கும் இலக்கத் தகடு வைத்து, முட்டையின் அளவுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போட்டு, சில நாளுக்கொருமுறை திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். 1997இல் வந்த அவர்களுடைய கட்டுரையின் சாரம்: ஆணைப் பிடித்து விட்டால் கூடு கைவிடப்படும் வாய்ப்பு கூடுகிறது. வெளியில் வைத்திருந்த நேரம் கூடக் கூட அது மோசமாகிறது. சீசன் மூடியிருந்த காலத்திலேயே பல ஆண்களின் வாயில் தூண்டில் காயம் இருந்ததையும் எழுதியிருக்கிறார்கள். தடைச் சட்டம் காகிதத்தில் மட்டும் இருந்த ஏரிகள் அவை.

ஏன் கைவிடுகிறது? திரும்பி வரும் ஆண் மிஞ்சிய முட்டையைப் பார்க்கிறது. நிறைய இருந்தால் காவல் தொடரும். சன்ஃபிஷ், பேர்ச், ராக் பாஸ் மாதிரிச் சிறு மீன்கள் கூட்டமாக வந்து முக்கால்வாசியை முடித்திருந்தால், மிச்சத்துக்காக இன்னும் மூன்று வாரம் பட்டினி கிடப்பது அதற்குக் கட்டாது.

கோபி என்ற சிறிய வந்தேறி மீன் வந்த தண்ணீரில் கணக்கு இன்னும் கெட்டது. ரவுண்ட் கோபி 1990இல் சென் கிளேர் ஆற்றில் முதலில் கண்டது, இன்று பேரேரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஈரி ஏரியில் ஸ்டைன்ஹார்ட் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்து விட்ட ஆண் திரும்புவதற்குள் கோபிகள் சராசரியாகச் சுமார் 2,000 முட்டை அல்லது குஞ்சைத் தின்றிருந்தன. கூட்டில் மொத்தம் இருப்பதே சில ஆயிரம்தான்.

வெள்ளிக்கிழமை வள்ளம்:
மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். கூடு அழிவது வேறு, ஏரியில் பாஸ் குறைவது வேறு. ஒரு கூட்டில் இருந்து வளர்ந்த மீனாகத் தேறுவது எப்படியும் ஒன்றோ இரண்டோ, அல்லது ஒன்றுமில்லை. நூறு கூட்டில் இருபது போனால், மிஞ்சிய குஞ்சுக்குக் கூடச் சாப்பாடு, கூட இடம். இலையுதிர்காலத்தில் எண்ணினால் வித்தியாசம் தெரியாமல் போகலாம்.

நியூயார்க்கில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். வசந்தத்தில் பிடித்து விடும் சீசன் திறப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை இளம் பாஸ் தேறியது என்று ஒனைடா ஏரி, ஈரி ஏரி உட்பட மூன்று ஏரிகளின் நீண்டகாலக் கணக்கை வைத்து ஜாக்சன் குழு 2015இல் ஒப்பிட்டது. குறைந்ததாகக் காணவில்லை. அதன் பிறகுதான் அந்த மாநிலம் விதியை இன்னும் தளர்த்தியது. புளோரிடாவில் மூடும் சீசனே கிடையாது, அங்கே பாஸ் அழிந்துபோகவில்லை. தெற்கு ஒன்டாரியோவின் வசந்தத் தடை அறிவியலா, பழக்கமா என்று கேட்பதில் பிழை இல்லை.

கீழ்நீரோட்டம்:
வள்ளம் அண்ணை, புளோரிடாவை இங்கே இழுக்காதேயுங்கோ. அங்கே முட்டைக்காலமே மாதக்கணக்கில் நீளும். ஒரு கூடு போனால் பிறகும் நேரம் இருக்கிறது, குஞ்சு வளர வருடம் முழுக்கச் சூடு இருக்கிறது. இங்கே கவார்த்தா ஏரிகளிலோ ஒபினிகனிலோ மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் எல்லாம் முடிந்துவிடும். கூட்டை இழந்த ஆண் திரும்பக் கட்டினாலும் முட்டை மிச்சம் உள்ள பெண் அரிது. கட்டி, முட்டை கிடைத்து, பொரித்தாலும் அந்தக் குஞ்சு மூன்று வாரம் பிந்தியது. ஸ்மால்மவுத் குஞ்சு குளிர்காலத்தில் சாப்பிடாமல் உடம்புக் கொழுப்பில் ஓடுகிறது. சிறியது மார்ச் வருவதற்குள் செத்துவிடும். வடக்கே போகப் போக இது கூடும்.

ஒனைடா பெரிய ஏரி, பாஸுக்கு வளமான ஏரி. அதன் முடிவை விடுமுறை வீடுகள் சூழ்ந்த 200 ஏக்கர் ஏரிக்குப் பொருத்த ஏலாது. சின்ன ஏரியில் கூடெல்லாம் கரையோரம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சனி ஞாயிறில் நாலு வள்ளம் சுற்றினால் தப்பும் கூடு எத்தனை?

இன்னொன்றும் உண்டு. இலினாயின் ரிட்ஜ் ஏரி லார்ஜ்மவுத்தை வைத்துப் பல தலைமுறை நடத்திய பரிசோதனையில், எளிதில் தூண்டிலில் சிக்கும் குணம் பரம்பரையாக வருவது தெரிந்தது. 2012இல் அதே வழித்தோன்றல்களை வைத்துப் பார்த்தபோது, எளிதில் சிக்கும் ஆண்கள்தான் கூட்டை நன்றாகக் காக்கிறவை. கூட்டு மீனைக் குறிவைக்கிறவன் ஏரியிலுள்ள நல்ல தகப்பன்களைத்தான் பொறுக்குகிறான்.

வெள்ளிக்கிழமை வள்ளம்:
சின்ன ஏரி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து தெற்கு முழுக்கப் பூட்டுவதா? பென்சில்வேனியா மாதிரிக் கூட்டைத் தடுக்கலாம். இல்லையென்றால் முட்டையிடும் குடாக்களை மட்டும் மிதவை போட்டு மூடலாம். ஏப்ரலில் 20 அடியில் கூட்டமாக நிற்கும் முட்டையிடாத மீனுக்கும் கூட்டில் நிற்கும் மீனுக்கும் ஒரே பூட்டு எதற்கு?

தக்கை:
குடாவை மூடுவது நல்ல யோசனைதான், காவல் வள்ளம் இருந்தால். கூட்டுக்குள் வீசினானா, பக்கத்தில் வீசினானா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கிறது லேசான வேலையில்லை. தேதியைச் சொல்லிப் பூட்டினால் ஒரு வாக்குவாதமும் இல்லை.

மதிய வெயில்:
சட்டம் எப்படியும் இருக்கட்டும். மே மாதம் ரைஸ் ஏரி, ஸ்குகாக் ஏரிப் பக்கம் கிராப்பி, சன்ஃபிஷ் மீன்களுக்குப் போகிறவர்கள்தான் கூட. பாஸ் வேண்டாம் என்றாலும் வந்து ஏறும். அப்போது என்ன செய்வது?

குறடு:
முதலில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிராப்பிக்கு 1/32 அவுன்ஸ் ஜிக் (எடைத் தலை வைத்த கொக்கி), தக்கைக்குக் கீழே இரண்டு மூன்று அடி, அசைக்காமல் தொங்கவிட்டால் போதும். ஜிக் அடியைத் தட்டக்கூடாது. அடியில் இழுபடுகிற எதையும் பாஸ் கூட்டுக்கு வந்த எதிரியாகத்தான் எடுக்கும். மூன்று அங்குலத்துக்கு மேற்பட்ட பிளாஸ்டிக், ஸ்பின்னர்பெய்ட், மும்முனைக் கொக்கி எல்லாம் பெட்டிக்குள் இருக்கட்டும். 4 பவுண்டு நூலுக்குப் பதில் 6 போடுங்கள். கிராப்பிக்கு வித்தியாசம் தெரியாது, பாஸ் ஏறினால் பாதி நேரத்தில் முடியும். கொக்கியின் நுனிக்குப் பின்னால் நீட்டி நிற்கிற எதிர்முள்ளை வீட்டிலேயே குறடால் நசுக்கிவிட்டுப் போங்கள். ஏரியில் செய்யலாம் என்று விட்டால் செய்யமாட்டீர்கள்.

ஏறிவிட்டது என்றால், சுருளின் டிராக்கை (நூல் ஓடாமல் பிடிக்கும் பிரேக்) இறுக்கி நேரே இழுங்கள், விளையாட்டுக் காட்ட வேண்டாம். வள்ளத்தில் இருந்தால் இங்கேதான் பெரிய பிழை நடக்கும்: மீனோடு மல்லுக்கட்டும்போது காற்று வள்ளத்தை ஐம்பது அறுபது அடி தள்ளிவிடும், மீனை அங்கேயே விடுவார்கள். அது திரும்பிப் போகும், வழி தெரியும். ஆனால் களைத்த மீன் போய்ச்சேர எடுக்கும் நேரம் முழுக்கக் கூடு திறந்து கிடக்கும். மோட்டரைப் போட்டு ஏறின இடத்துக்கு வந்து விடுங்கள். லைவ்வெல்லில் (வள்ளத்து மீன் தொட்டி) போடவே கூடாது.

தண்ணீரை விட்டு எடுக்கத் தேவையில்லை. வள்ளத்தோரம் கீழுதட்டைப் பிடித்து, குறடால் கொக்கியை வந்த வழியே திருப்பினால் ஐந்து விநாடி வேலை. விழுங்கியிருந்தால் தோண்டாமல் நூலைக் கொக்கிக்குக் கிட்ட வெட்டுங்கள். உலர்ந்த கையும் துணியும் வள்ளத்துக் கம்பளமும் படக்கூடாது. கூட்டு ஆணின் வாலும் வயிறும் கல்லைத் துடைத்து ஏற்கெனவே தேய்ந்திருக்கும், வழுவழுப்பும் உரிந்தால் அந்த இடத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும்.

விட்ட பிறகு அங்கே நிற்காதீர்கள். களைத்த ஆண் கூட்டுக்கு வந்தாலும் உடனே சன்ஃபிஷைத் துரத்த மாட்டாது. வள்ளத்தின் நிழல் மேலே கிடந்தால் இன்னும் தயங்கும். ஒரே கரையில் இரண்டு பாஸ் ஏறினால் அந்தக் கரையை விட்டு இடம் மாறுங்கள். அதற்குப் பிறகும் நின்று வீசுகிறவர் "கிராப்பிக்குத்தான்" என்று அதிகாரியிடம் சொன்னால் அவர் முதலில் உங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

மதிய வெயில்:
நன்றி அண்ணை. சீசன் திறந்த முதல் கிழமையில் கூடெல்லாம் முடிந்திருக்குமா?

நீர்க்கண்ணாடி:
பிந்திய வசந்தமென்றால் முடிந்திருக்காது தம்பி. பனி பிந்திக் கரைந்த வருடத்தில் திறக்கும் நாளன்றும் ஆண்கள் குஞ்சோடு நிற்கும், குறிப்பாக ஆழமான குளிர்ந்த ஏரிகளில். சட்டப்படி பிடிக்கலாம்.

பார்த்து அறிவது இப்படி. தண்ணீருக்கு நடுவில் கரிப்பொடி தூவின மாதிரி ஒரு பந்து மிதந்தால் அது ஸ்மால்மவுத் குஞ்சு, அந்த வயதில் கறுப்பாகவே இருக்கும். வெளிறின பச்சையில் பக்கவாட்டில் ஒரு கோட்டோடு, களைப்பூண்டு ஓரம் மேகம் மாதிரி நகர்ந்தால் லார்ஜ்மவுத். பந்துக்குக் கீழே ஒரு கஜம் தள்ளி ஆண் நிற்கும். குஞ்சு ஓர் அங்குலம் வந்து தானாகக் கலைந்தால்தான் அதன் காவல் முடியும். அதுவரை அந்தக் கரையை விட்டுவிட்டு 15, 20 அடி ஆழப் பாறை முனைகளுக்குப் போங்கள். முட்டையிட்டு முடித்த பெண்கள் அங்கேதான் மேயும். பெரிய மீனும் அதுகள்தான்.