பாதியில் நிற்கும் மரபணு மிதமான நோயையும், ஒரே ஓர் எழுத்துப் பிழை கடுமையான நோயையும் தருவது ஏன்?

வளசரவாக்கத்தார் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு நடக்கத் தொடங்கியது முதலே அடிக்கடி எலும்பு முறிவு ஏற்பட்டதால், சென்னையில் மரபணுப் பரிசோதனை செய்தோம். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்னும் பிறவி நோய், அதிலும் மிதமான முதல் வகை என்று முடிவு வந்திருக்கிறது. சிஓஎல்1ஏ1 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில், புரதம் உருவாவது பாதியிலேயே நின்றுபோகும்படியான மாற்றம் இருப்பதாக அறிக்கை கூறுகிறது.

அங்கே காத்திருந்தபோது பழக்கமான வேறொரு குடும்பத்தின் குழந்தைக்கும் அதே மரபணுவில்தான் கோளாறு. ஆனால் அக்குழந்தைக்கு மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வேறொன்று வந்திருக்கிறது, அவ்வளவே. எங்கள் குழந்தை ஓடி விளையாடுகிறாள். அந்தக் குழந்தையால் துணையின்றி உட்காரவும் முடியவில்லை. ஒரு பிரதி முழுவதும் வீணாய்ப் போவதைவிட, ஓர் எழுத்து மாறுவது எப்படிப் பெரிய கேடாகும்? கணினித் துறையில் இருப்பவன் நான். பிளஸ் டூ அளவு உயிரியல் தெரியும்.

கிண்டி உயிர்வேதி (ஓய்வுபெற்ற விரிவுரையாளர்):

உங்கள் எதிர்பார்ப்பு பெரும்பாலான நொதிகளுக்குப் பொருந்தும். அவற்றுள் பல, வழக்கமான அளவில் பாதி இருந்தாலே உடலுக்குப் போதுமானவை. இந்த மரபணு உருவாக்க உதவும் கொலாஜன் அப்படித் தனியாக வேலை செய்யும் புரதம் அல்ல. எலும்பிலுள்ள முதல் வகைக் கொலாஜன், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது. அவற்றில் இரண்டு, 17ஆம் குரோமோசோமில் உள்ள சிஓஎல்1ஏ1 மரபணுவின் விளைவு. மூன்றாவது, 7ஆம் குரோமோசோமில் உள்ள சிஓஎல்1ஏ2 மரபணுவின் விளைவு.

ஒவ்வொரு சங்கிலியிலும் முறுக்கேறும் பகுதி ஏறத்தாழ 1,000 அமினோ அமிலங்கள் நீளமுடையது. அந்த நீளம் முழுவதும் மூன்றாவது இடந்தோறும் கிளைசினே வருகிறது, ஏனென்றால் முறுக்கின் மையத்தில் மூன்று சங்கிலிகளும் நெருங்கும் இடத்தில், வெறும் ஹைட்ரஜன் அணுவைப் பக்கத்தொகுதியாகக் கொண்ட கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடம் கிடையாது. இந்த மூவிழை அமைப்பை 1954, 1955 ஆண்டுகளில் நேச்சர் இதழில் வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் என்பதை எங்கள் துறையில் எந்த மாணவரும் மறப்பதில்லை. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற வேதியியல் உண்மை அவர்களுக்குக் கிடைத்த முக்கியமான தடயங்களுள் ஒன்று.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பிரதி, கிளைசின் மாறிய சங்கிலியை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது என்றால், செல்லில் உருவாகும் அவ்வகைச் சங்கிலிகளில் பாதி நல்லவை, பாதி மாறியவை. ஒவ்வொரு கயிற்றுக்கும் இவ்வகையில் இரண்டு வேண்டும். இரண்டுமே நல்லவையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆகவே பிழை பாதியளவே இருந்தாலும், முக்கால் பங்குக் கயிறுகள் கெடுகின்றன. (இதே மாற்றம் சிஓஎல்1ஏ2 மரபணுவில் நேர்ந்தால், கயிற்றுக்கு ஒரு சங்கிலியே அதிலிருந்து வருவதால், பாதிக் கயிறுகள் கெடும்.) உங்கள் அக்கா மகளின் செல்களிலோ, பாதியில் நிற்கும் தூது ஆர்.என்.ஏ (புரதம் உருவாக்குவதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல்) பெரும்பாலும் சிதைக்கப்பட்டுவிடுகிறது. அவளுக்குக் கொலாஜன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆனால் இருக்கும் பாதி குறையற்றது.

வளசரவாக்கத்தார்:

மிக்க நன்றி ஐயா, கணக்கு இப்போது தெளிவாகிறது. இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. பாதியில் நிற்கும் தூது ஆர்.என்.ஏவைக் கண்டுபிடித்து அழிக்கத் தெரிந்த செல்லுக்கு, கிளைசின் மாறிய சங்கிலியைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? அடுத்தது, கொலாஜனுக்கு வைட்டமின் சி தேவை என்று எங்கேயோ படித்துவிட்டு எங்கள் அம்மா தினமும் பேத்திக்கு நெல்லிக்காய்ச் சாறு கொடுக்கிறார். அதனால் பயன் உண்டா?

தரமணி ஆய்வு மாணவி:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தூது ஆர்.என்.ஏ வெட்டி ஒட்டப்பட்ட இடங்களில் சில புரதங்கள் அடையாளம் போல அமர்ந்திருக்கும். தூதைப் படித்துப் புரதச் சங்கிலியைக் கோக்கும் ரைபோசோம், முதல்முறை படித்துச் செல்லும்போது அவற்றை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டே போகும். அது இடையிலேயே நின்றுவிட்டால் அப்பாலுள்ள அடையாளங்கள் அகலாமல் கிடக்கும். அதையே சமிக்ஞையாகக் கொண்டு செல் அந்தத் தூதைச் சிதைக்கிறது. எனவே நிறுத்தக்குறி மரபணுவின் கடைசிப் பகுதியில் விழுந்தால் இந்த ஏற்பாடு செயல்படாமல் போகலாம். அத்தகையோருக்கு மிதமான நோய்தான் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓர் எழுத்து மாறிய தூதிலோ இப்படிப் பிடிபட எதுவுமே இல்லை. ரைபோசோமைப் பொறுத்தவரை அது முறையான செய்திதான்.

பிழை வெளிப்படுவது, செல்லுக்குள் இத்தகைய புரதங்கள் வடிவம் பெறும் அறையான எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள், சங்கிலிகள் முறுக்கேறும்போதுதான். மூன்றும் தம் வால்முனையில் சேர்ந்து, அங்கிருந்து தலைமுனையை நோக்கி முறுக்கிக்கொண்டே வரும். கிளைசின் இல்லாத இடத்துக்கு வந்ததும் முறுக்கு தடுமாறித் தாமதப்படுகிறது. அதுவரை முறுக்கப்படாமல் காத்திருக்கும் பகுதியில், நொதிகள் தேவைக்கு மேல் ஹைட்ராக்சில் தொகுதிகளையும் சர்க்கரைகளையும் ஏற்றிவிடுகின்றன. மாற்றம் வால்முனைக்கு அருகில் இருந்தால் காத்திருக்கும் நீளம் அதிகம் என்பதால், பொதுவாக நோயும் கடுமையாக இருக்கும். ஆனால் இதற்கு விலக்குகள் நிறைய. கிளைசினுக்குப் பதிலாக வருவது அலனின் போலச் சிறியதா, ஆஸ்பார்டிக் அமிலம் போல மின்னூட்டம் உடையதா என்பதும் முக்கியம்.

கெட்ட கயிறுகளில் ஒரு பங்கைச் செல் சிதைத்துவிடுகிறது. எஞ்சியவை வெளியேறி நல்ல கயிறுகளோடு சேர்ந்தே இழையாக அடுக்கப்படுவதால், கனிமங்கள் படியும் தளமே சீர்கெடுகிறது. உள்ளே தேங்குபவையோ எண்டோபிளாச வலைப்பின்னலை வீங்கச் செய்து, எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்லையே நலியச் செய்கின்றன. முக்கால் பங்கு என்ற ஐயாவின் கணக்கோடு இந்தச் சுமையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குழந்தையின் நிலை விளங்கும்.

கிண்டி உயிர்வேதி:

நெல்லிக்காய் பற்றி. சங்கிலியிலுள்ள புரோலின்கள் பலவற்றில் ஹைட்ராக்சில் தொகுதி ஏறினால்தான் முறுக்கு உடல் வெப்பத்தில் நிலைத்திருக்கும். அதைச் செய்யும் நொதியில் உள்ள இரும்பைச் செயல்படும் நிலையில் வைத்திருப்பது வைட்டமின் சி. அது பற்றாமல் போனால் ஈறுகளில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வரும். தேவை நிறைவேறியபின் கூடுதலாகக் கொடுக்கும் வைட்டமின் சி, இல்லாத சங்கிலியை உண்டாக்காது. பேத்திக்கு நெல்லிக்காய் பிடித்திருந்தால் பாட்டி தாராளமாகக் கொடுக்கட்டும், மருந்தாக அல்ல.

மரபியல் ஆலோசகர்:

இங்கே நடந்த விளக்கங்கள் சரியானவை. சிகிச்சை பற்றியும் குடும்பம் பற்றியும் சிறிது சேர்க்கிறேன். சொலெட்ரானிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்பனேட் மருந்துகள், எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அடக்கி எலும்பின் அடர்த்தியைக் கூட்டுபவை. கொலாஜனை அவை திருத்துவதில்லை. மிதமான நோயுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அவை தேவைப்படுவதுமில்லை. முறிவுக்கு அஞ்சிக் குழந்தையை உட்காரவே வைத்திருந்தால் தசையும் எலும்பும் மேலும் நலியும் என்பதால், இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சிகளை விடாதீர்கள். இந்நோயில் வளர்ந்தபின் செவித்திறன் குறைவது உண்டு. அதையும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அக்காவும் அத்தானும் அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறார்களா என்று தெரியவில்லை. யோசித்தால், முதலில் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இருவரில் ஒருவருக்கு இதே மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்ல ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. மிதமான வகையில், சிறுவயதில் ஓரிரு முறிவுகளோடு, கண்ணின் வெண்பகுதி சற்றே நீலமாக இருப்பதைத் தவிர வேறு அடையாளமின்றி வளர்ந்தவர்கள் உண்டு. இருவருக்கும் இல்லையென்றால், அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் பெற்றோரின் கருச்செல்களில் (விந்து அல்லது சினைமுட்டையில்) மட்டும் அது கலந்திருக்கச் சிறிய வாய்ப்பு உண்டு. போகும்போது குழந்தையின் அறிக்கையின் நகலை எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும் என்பதால், குழந்தைக்கு ஆன செலவு அவர்களுக்கு ஆகாது.